மார்பிள் தரையில் அமில அரிப்பையும் ஊறிய கறையையும் சீர்செய்யும் முறை

மார்பிள் தரையில் தெரியும் குறை கறையா, அரிப்பா என்பதை முடிவு செய்யாமல் எதையும் அதன்மேல் ஊற்றக் கூடாது. கறை என்பது கல்லின் நுண்துளைகளுக்குள் வந்து தங்கிய அயல்பொருள். அதை வெளியே இழுத்துவிட்டால் கல் பழைய நிலைக்குத் திரும்பும். அரிப்பு என்பது அமிலம் பட்டுக் கல்லே கரைந்துபோன இடம். அங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை. சுற்றியுள்ள பரப்பையும் சேர்த்துத் தேய்த்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி பளபளப்பு ஏற்றுவது ஒன்றே வழி. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் தொடங்கிக் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வரையுள்ள வீடுகளில் பாழ்பட்டுக் கிடக்கும் தரைகளில் பெரும்பாலானவை, இந்த வேறுபாட்டைப் பாராமல் கறையைப் போக்க ஆசிட் ஊற்றி, கறையும் போகாமல் கல்லின் ஒளியும் போனவை.

மார்பிளின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் ஆன அதே பொருள். எந்த அமிலம் பட்டாலும் அது கார்பன் டைஆக்சைடு வாயுவாக நுரைத்துக் கரையும். கழிப்பறை கழுவ வாங்கும் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 33 விழுக்காடு செறிவுள்ள அந்த அமிலம் ஒரு லிட்டர், கணக்குப்படி ஏறத்தாழ அரை கிலோ மார்பிளைக் கரைத்துவிடும். கடையில் கிடைப்பது இதைவிட நீர்த்திருந்தாலும், ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு கரைந்தாலே தரையின் ஒளி செத்துவிடும் என்பதால், நீர்த்த அமிலமும் காப்பாற்றாது. கடினத்திலும் இது எளிய கல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில், மார்பிளின் கனிமமான கால்சைட்டின் எண் 3. கிரானைட்டில் மிகுந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7. செருப்பில் ஒட்டிவரும் மணலே மார்பிளைக் கீறும்.

முதலில் வீட்டில் கிடப்பது மார்பிள்தானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் வெள்ளையாகப் பளபளக்கும் எல்லாத் தரைக்கும் மார்பிள் என்றே பெயர். அவற்றில் பாதி விட்ரிஃபைட் டைல்ஸாக இருக்கும். அலமாரிக்கு அடியிலோ கதவு மூலையிலோ எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தால், மார்பிளில் மங்கிய வட்டம் விழும். டைல்ஸிலும் கிரானைட்டிலும் எதுவும் தெரியாது. ராஜஸ்தானின் உதயப்பூர் வட்டாரத்திலிருந்து வரும் பச்சை மார்பிள் இந்தச் சோதனைக்கு அவ்வளவாக அசையாது, ஏனென்றால் அது பெரும்பாலும் செர்பென்டைன் என்ற வேறு கனிமம். அந்தக் கல்லுக்கு ஈரம் ஆகாது, நீண்ட நேரம் நனைந்தால் வளையும். எனவே கீழே சொல்லப்போகும் ஈரப் பற்று முறையை அதில் செய்ய வேண்டாம்.

அமிலம் இப்போதுதான் சிந்தியது என்றால்

முதல் சில நிமிடங்களில் செய்வதே பெரிய பலன் தரும். ரப்பர் தோட்டமுள்ள வீடுகளில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலக் கேன் பின்வாசலிலோ அடுக்களைத் திண்ணையிலோ இருப்பது வழக்கம். பெரும்பாலும் 85 விழுக்காடு செறிவில் விற்கப்படும் இந்த அமிலம் மார்பிளை அரிப்பதோடு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். ஆகவே குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, சன்னல்களைத் திறந்து, ரப்பர் கையுறையும் கண்ணுக்கு மறைப்பும் அணிந்துகொண்ட பிறகே அருகில் செல்ல வேண்டும். பழைய துணியை அதன்மேல் போட்டு ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் அமிலம் பரவி, கையகலச் சேதம் முழ அகலமாகும். அடுத்து நிறையத் தண்ணீர் ஊற்றி, அதை வடிகாலை நோக்கித் தள்ளிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த கரைசலை நுரை எழுவது நிற்கும்வரை ஊற்றித் துடைக்க வேண்டும். சோடாப் பொடியை நேரே செறிந்த அமிலத்தின்மேல் கொட்டினால் நுரைத்துத் தெறிக்கும், தண்ணீர்தான் முதலில். கடைசியில் இருமுறை நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து உலர விட வேண்டும்.

ஆசிட்டின் நெடி போகட்டும் என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடர் தூவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடரையும் அம்மோனியாவையும் கலப்பதும் அதே அளவுக்கு ஆகாது.

குறையை இனம் காணுதல்

இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் ஒளியைத் தரையோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். நிறம் மாறாமல் ஒளி மட்டும் மங்கி, விரலால் தடவினால் சற்றுச் சொரசொரப்பாகவோ பள்ளமாகவோ இருந்தால் அது அரிப்பு. ஒளி தொடர்ந்து ஓடி, நிறம் மட்டும் மாறியிருந்தால் கறை. ஐயமிருந்தால் அந்த இடத்தை ஈரத் துணியால் நனைத்துப் பார்க்கலாம்: அரிப்பு நனைந்திருக்கும்போது மறைந்து, உலர்ந்ததும் திரும்பத் தெரியும், கறை நனைந்தாலும் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதும் உண்டு. குடம்புளி போட்ட மீன்குழம்பு கொட்டிய இடத்தில் புளி அரித்திருக்கும், மஞ்சளும் மிளகாயும் எண்ணெயும் ஊறியிருக்கும். பூசையறையில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, நன்றாகக் கழுவாமல் வைத்த இடத்திலும் இதே கதைதான். வட்டமாக அரிப்பு, அதற்குள் எண்ணெய்க் கறை, சில நேரம் பித்தளையின் பச்சையும்.

இரண்டும் சேர்ந்திருந்தால் கறையை முதலில் எடுத்துவிட்டு, பாலிஷைப் பிறகு செய்ய வேண்டும். பாலிஷ் செய்தபின் கல்லின் பரப்பு இறுகி, கறையை வெளியே இழுப்பது கடினமாகும். கறை எடுக்கும் மருந்தே ஒளியைச் சற்று மங்கச் செய்வதும் உண்டு.

கறைக்குப் பற்றுப் போடுதல்

ஊறிய கறையைத் தேய்த்து எடுக்க முடியாது. கறையைக் கரைக்கும் ஒரு திரவத்தை உறிஞ்சும் பொடியில் குழைத்துப் பற்றாகப் போட்டால், திரவம் கல்லுக்குள் இறங்கிக் கறையைக் கரைத்து, உலரும்போது அதைத் தன்னோடு மேலே இழுத்துவந்து பொடியில் விட்டுவிடும். பொடிக்குச் சீனாக்களிமண் எனப்படும் வெள்ளைக் கயோலின் மிகவும் ஏற்றது. எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்டத்துத் தோன்னய்க்கல் நிலத்தில் உள்ள களிமண் அதுதான். அது கிடைக்காவிட்டால் வாசனையில்லாத டால்க் பொடியோ சுண்ணக்கட்டிப் பொடியோ போதும். நிறமுள்ள எந்த மண்ணையும் பயன்படுத்தக் கூடாது. செம்மண்ணில் உள்ள இரும்பு புதிய கறையைத் தந்துவிடும்.

செய்முறை இது. கறையுள்ள இடத்தை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துத் துடைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்க் கறைக்குப் போடும் அசிட்டோன் பற்றாக இருந்தால் மட்டும் தரை உலர்ந்திருக்க வேண்டும். பொடியில் திரவத்தைச் சிறிது சிறிதாக விட்டு, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் குழைத்து, கறையின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியே போகும்படி, 6 முதல் 12 மில்லிமீட்டர் கனத்தில் அப்ப வேண்டும். மேலே பாலிதீன் தாளை விரித்து, ஓரங்களைத் தரைக்குக் கேடு செய்யாத காகித ஒட்டுநாடாவால் ஒட்டி, தாளில் ஊசியால் சில துளைகள் இட்டு, 24 மணி நேரம் விட வேண்டும். பிறகு தாளை எடுத்துவிட்டு, பற்று தானாகக் காய்ந்து வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கறை மேலே வருவது இந்தக் காயும் நேரத்தில்தான் என்பதால், பொறுமை இழந்து ஈரத்தோடு வழித்தால் அதுவரை செய்தது வீண். நம் பக்கத்தில் ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழைக்காலம் இருப்பதால், பற்றுக் காய நாட்கள் கூடலாம்; இந்த வேலைக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களே நல்லவை. காய்ந்த பற்றை மரச் சட்டுவத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ எடுத்துவிட்டு, தண்ணீரால் துடைத்துப் பார்க்க வேண்டும். பழங்கறை ஒரு முறையில் போகாது. ஒவ்வொரு முறையும் நிறம் குறைந்துகொண்டே வந்தால் மருந்து சரி. இரண்டு முறை போட்டும் அசையவில்லை என்றால் கறையின் வகையைத் தவறாகக் கணித்திருக்கிறோம் என்று பொருள்.

திரவம் கறைக்கு ஏற்ப மாறும். குழம்பு, தேநீர், வெற்றிலைச்சாறு, பழச்சாறு, உதிர்ந்த பூவும் இலையும் விட்ட சாயம், வாழைத்தாரை வைத்த இடத்தின் கறை ஆகிய தாவரக் கறைகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைக்கும் 6 விழுக்காடு கரைசலையே பொடியில் குழைக்கலாம். பிடிவாதமான கறைக்கு அதில் சில துளி அம்மோனியா சேர்க்கலாம். மஞ்சள் கறைக்கு வெயிலும் மருந்து. வெயில் விழும் வராந்தாவில் சிந்திய மஞ்சள் சில நாட்களில் தானே வெளுத்துவிடும், அதனால் அங்கே பற்றுக்கு அவசரப்பட வேண்டாம். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவந்துவிட்டது என்று அஞ்சவும் வேண்டாம், காரம் பட்டால் அது அப்படித்தான் நிறம் மாறும். கறுப்பு, பழுப்பு நிறக் கற்களைப் பெராக்சைடு வெளிறச் செய்யலாம் என்பதால், மறைவான மூலையில் சோதித்த பிறகே அவற்றில் இதைத் தொட வேண்டும்.

எண்ணெய்க் கறை நம் வீடுகளுக்கே உரியது. சிவப்பு ஆக்சைடு தரையில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மினுங்கும். அந்தப் பழக்கம் மார்பிளுக்கு வந்தபோது கல் எண்ணெயைக் குடித்து மெல்ல மஞ்சளித்தது. புதிய எண்ணெய்க் கறைமீது சமையல் சோடாவை உலர்ந்தபடி கனமாகத் தூவி ஓரிரவு விட்டால் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். பழையதற்கு அசிட்டோனில் குழைத்த பற்று வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் நிறமும் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால் அது ஆகாது. வண்ணமில்லாத அசிட்டோன் வாங்க வேண்டும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். பூசையறையில் விளக்கையும் அடுக்களையில் அடுப்பையும் அணைத்துவிட்டே டப்பியைத் திறக்க வேண்டும். முந்திரி ஆலைக்குப் போய்வருவோர் வீடுகளில் காணும் முந்திரிக்கொட்டை எண்ணெயின் கருப்பும் இதே வகைதான், ஆனால் முழுவதும் வெளியேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரப்பர் பால் சிந்தியிருந்தால் மருந்தே தேவையில்லை. உறைய விட்டு உரித்து எடுத்துவிடலாம்.

துருக்கறைதான் மிகக் கடினம். துருக்கல் நிலத்துக் கிணறுகளில் இரும்பு கலந்த தண்ணீர் வருவதால் குளியலறை வாசலிலும் அடுக்களைத் தொட்டி அருகிலும் தரை பழுக்கிறது. இரும்பு அலமாரியின் கால்களும் தம் வட்டத்தை விட்டுப்போகும். கடையில் விற்கும் துரு நீக்கிகளில் பல ஆக்ஸாலிக் அமிலமோ அதைவிடக் கொடிய ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ கொண்டவை. முன்னது கல்லை மங்கச் செய்யும், பின்னதைக் கையால் தொடவே கூடாது. அமிலமில்லாத முறை ஒன்று உண்டு. ஒரு பங்கு சோடியம் சிட்ரேட்டை ஆறு பங்கு தண்ணீரில் கரைத்து, அதில் நனைத்த துணியைக் கறையின்மேல் கால் மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு அதே கரைசலில் குழைத்த பற்றின் அடிப்புறம், சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் பொடியை மெல்லியதாகத் தூவி, அந்தப் பக்கம் கறையில் படும்படி அப்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. அந்தப் பொடி சிதையும்போது தானே அமிலத்தன்மை அடைந்து கல்லைத் தொடத் தொடங்கும். கந்தக நெடி எழும் என்பதால் காற்றோட்டம் வேண்டும், ஆஸ்துமா உள்ளவர்கள் விலகியிருக்க வேண்டும். மீந்த பொடியை ஈரம் படாத டப்பியில் இறுக மூடி வைக்க வேண்டும். ஈரம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ஒரு தரை முழுவதும் பரவலாக மஞ்சளித்திருந்தால் அது வெளியிலிருந்து வந்த துருவாக இல்லாமல், கல்லுக்குள்ளேயே இருந்த இரும்புக் கனிமம் ஈரத்தாலும் ஆசிட் கழுவலாலும் துருவேறியதாக இருக்கலாம். அதற்குப் பற்று உதவாது. பித்தளையின் பச்சைக்கு அம்மோனியாவில் குழைத்த பற்று போதும். மழைக்காலத்தில் இணைப்புகளின் ஓரம் பூக்கும் வெள்ளைத் தூள் கறையே அல்ல, அடித்தளத்து ஈரத்தோடு மேலேறிவந்த உப்பு. உலர்ந்த தூரிகையால் பெருக்கி எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அரிப்பைத் தேய்த்து எடுத்தல்

நகத்தை அந்த இடத்தின் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடைபடாமல் போனால் கையாலேயே சரிசெய்யலாம்; விளிம்பில் சிக்கினால் இயந்திரம் வேண்டும்.

தட்டளவு உள்ள மங்கலுக்கு 400, 800, 1500, 3000 என்ற வரிசையில் (எண் கூடக்கூடப் பட்டை நயமாகும்) நீர் விட்டுத் தேய்க்கும் வைரப் பட்டைகளோ, அவை இல்லாவிட்டால் கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் என்ற ஈர உப்புத்தாளோ போதும். தாளைச் சிறிய தட்டையான மரக்கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். வெறும் விரலால் அழுத்தினால் குழி விழும். எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். அரிப்பின் அளவோடு நிறுத்தாமல், நான்கு விரல் அகலம் வெளியே போய், வெளியே போகப்போக அழுத்தத்தைக் குறைத்துத் தேய்த்தால்தான் பழைய தரையோடு எல்லை தெரியாமல் சேரும். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய எண்ணின் கீறல் முற்றிலும் மறைந்ததா என்று துடைத்து உலர்த்திப் பார்க்க வேண்டும். ஈரத்தில் எல்லாம் மறைந்ததாகவே தோன்றும், அதுதான் அவசரக்காரர்களை ஏமாற்றுவது. 400-இல் தேய்த்த திசைக்குக் குறுக்காக 800-இல் தேய்த்தால் மீந்த கீறல்களை எளிதில் கண்டுகொள்ளலாம். எண் மாறும்போது இடத்தையும் கட்டையையும் கையையும் கழுவ வேண்டும். முந்தைய தாளின் ஒரு மணி தங்கினாலும் புதிய கோடு விழும்.

3000 முடிந்தபோது தரை வழவழப்பாக, ஆனால் கண்ணாடி ஒளி இல்லாமல் இருக்கும். அந்த ஒளியை டின் ஆக்சைடு பொடி தரும். பொடியைத் தண்ணீரில் குழைத்து, தடித்த கம்பளி ஃபெல்ட்டால், பசை சற்று இறுகும்வரை அழுத்தித் தேய்த்து, முழுதும் காயுமுன் கழுவிவிட வேண்டும். பாலிஷ்காரர்கள் பலர் தரும் பொடியில் ஆக்ஸாலிக் அமிலம் கலந்திருக்கும். விரைவாக ஒளி வரும், ஆனால் அளவு மீறினால் பரப்பு ஆரஞ்சுத் தோலைப்போல் நுண்ணிய மேடு பள்ளமாகிவிடும், பிறகு 800-இலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

கூடம் முழுவதும் ஆசிட் பட்டிருந்தால், அல்லது சிமெண்ட் கறையை எடுக்கக் கொத்தனார் கட்டுமான நாளிலேயே ஆசிட் கழுவல் செய்திருந்தால், இயந்திரம் கொண்டு வரச் சொல்லலாம். எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிப்பார்கள், இடையில் எந்த எண்ணையாவது விடுவார்களா, மூலைகளைக் கை இயந்திரத்தால் அதே வரிசையில் செய்வார்களா என்று வேலை தொடங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் ஆசிட் கழுவல் உண்டு என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். ஆசிட் தின்றுவிட்ட இணைப்புகளைக் கல்லின் நிறத்துக்கு நிறமி கலந்த வெள்ளைச் சிமெண்டாலும், கல்லில் விழுந்த குழிகளை நிறம் பொருத்திய எபாக்சிப் பசையாலும் நிரப்பி இறுகவிட்ட பிறகே தேய்ப்புத் தொடங்க வேண்டும். ஈரத்தில் ஓடும் மின் இயந்திரம் என்பதால், வீட்டில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் அதை ஓட்ட விடக் கூடாது. தேய்ப்பில் வரும் வெள்ளைச் சேற்றை வாளியில் அள்ளித் தெளிய வைத்து அப்புறப்படுத்த வேண்டும். வடிகாலில் தள்ளினால் குழாய்க்குள் கல்லாக இறுகும்.

சீலர்

சீலர் அடித்தால் ஆசிட் தாங்கும் என்று விற்பனையாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம். சிலேன், சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மங்களாலான சீலர்கள் நுண்துளைகளுக்குள் இறங்கி எண்ணெயும் சாயமும் ஊறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. பரப்பில் படும் அமிலம் எப்போதும்போல் அரிக்கும். மெழுகு அடிப்பது எனக்கு உடன்பாடில்லை, அழுக்கைப் பிடித்து ஒரு மழைக்காலத்துக்குள் மஞ்சளிக்கும். அன்றாடம் துடைக்க வெறும் தண்ணீரும், வாரத்துக்கு ஒருமுறை நடுநிலை பி.எச். கொண்ட, அதாவது அமிலமும் காரமும் அல்லாத, மென்மையான சோப்புக் கரைசலும் போதும். எலுமிச்சை மணம் கொண்ட தரைத் திரவங்களில் சில அமிலத்தன்மை உடையவை என்பதால் புட்டியின் முகப்பைப் படித்து வாங்க வேண்டும்.

சீலர் அடிக்கும் நாளில் கல் உள்ளும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு சதுர அடிப் பாலிதீன் தாளைத் தரையில் நான்கு புறமும் ஒட்டி ஓரிரவு விட்டு, காலையில் அடிப்புறம் வேர்த்திருந்தால் மேலும் சில நாள் காத்திருக்க வேண்டும். வேர்க்கவில்லை என்றால் சீலரை மெல்லிய துணியால் சீராகத் தடவி, அட்டைப்பெட்டியில் குறித்த நேரம் ஊற விட்டு, மேலே மீந்ததைக் காயுமுன் துடைத்துவிட வேண்டும். காய்ந்துபோனால் படலமாகத் திட்டு விழும். அதன்பின் 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. அடுத்த நாள் ஒரு கரண்டி தண்ணீரைத் தரையில் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்து, அந்த இடம் கறுத்திருந்தால் அங்கே இன்னொரு கை தடவ வேண்டும்.